இருப்புப் பதிவேடு

கால்வனாமீட்டர்: ஆறு. நல்ல நிலை.
பதினோரு மார்ச்சுகளாக
இந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து.
ஆறில் நாலுக்கு முள் அசையாது.
ஐந்தாவதன் முள் அசையும், நிற்காது;
சோமனூர் கைகாட்டியில்
எந்தப் பக்கத்துப் பஸ் முதலில் வரும் என்று தெரியாதவரைப் போல
இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்கும்.
ஆறாவதை நான் தேடவில்லை.

உடைந்தது என்று எழுதினால்
அடுத்த கலம், யார் உடைத்தது என்று கேட்கும்.
அதற்கடுத்த கலம் தொகை.
எனக்கு முன்னிருந்த ராக்கியண்ணன் சார்
ஒரு முப்பட்டகத்துக்காக
ஓய்வு பெறும் மாதத்தில் பணம் கட்டினாராம்.
அலமாரிச் சாவியை நான்
வங்கிப் புத்தகத்தோடு வைத்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே தறிகள்.
விசையும் உந்தமும் உராய்வும்
டடக் டடக் என்று மூன்று ஷிப்ட் ஓட,
உள்ளே நான் கரும்பலகையில் வரைவேன்:
வட்டம், நடுவில் சுழியம், ஒரு முள்.
நன்றாகவே வரைவேன், அதைச் சொல்ல வேண்டும்.
தறிக்காரர் மகள் தன்யஸ்ரீ
ஒரு நாள் எழுந்து கேட்டாள்:
"ஏனுங் டீச்சர், நெசத்துல அது
எத்தனை கனம் இருக்குமுங்?"
எனக்கு மறந்துபோயிருந்தது.

ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தது.
அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி,
கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில்.
தங்க இடம், பயணப்படி,
திரும்பும்போது பள்ளிக்கு ஒரு பெட்டிக் கருவிகள்.
விண்ணப்பத்தில் கடைசிக் கேள்வி:
உங்களுக்கு என்ன உதவி தேவை?
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.

கால்வனாமீட்டர் என்று தொடங்கி அடித்தேன்.
ஆறு நல்ல நிலையில் இருக்க
ஏழாவது எதற்கு?
என் கையெழுத்தே எனக்கு எதிர்ச்சாட்சி.
மூன்று இரவு கழித்து எழுதினேன்:
உடைக்க அனுமதி.
மிச்சம் நாற்பத்தெட்டு சொற்களையும்
அரசுக்கே விட்டுவிட்டேன்.

எப்படியோ அழைத்தார்கள்.
நாமக்கல்காரர் ஒருவர் வரவில்லை என்று பிறகு தெரிந்தது.
மே மாதம், தகரக் கூரைப் பட்டறை,
முதல் நாள் முதல் மணியிலேயே
என் கையில் ஒரு எல்.இ.டி. கருகியது.
கைப்பையைத் திறந்து, "எவ்வளவுங்க?" என்றேன்.
பட்டறை உதவியாளர் ஹசீனா, இருபத்தாறு வயதிருக்கும்,
சிரிக்காமல் ஒரு நோட்டை நீட்டினாள்.
கிரீஸ் கறை. அட்டையில் பெரிதாக: போனவை.
தேதி, பொருள், பெயர், தெரிந்துகொண்டது.
தொகைக்குக் கலமே இல்லை.
புரட்டினேன்;
பேராசிரியர்களின் பெயர்கள்கூட இருந்தன,
ஒருவர் பெயர் ஒரே வாரத்தில் நாலு தடவை.
மின்தடை வைக்க மறந்தேன், என்று எழுதினேன்.
"கையெழுத்தும் போடுங்கக்கா."
கோணலாக வந்தது.

ஜூனில் பெட்டி வந்து சேர்ந்ததும்
தலைமையாசிரியர் கேட்ட முதல் கேள்வி,
"இதை எந்தப் பதிவேட்டுல ஏத்தறதுங் டீச்சர்?"
இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்து
கெட்டி அட்டை நோட்டாக வாங்கி வைத்திருந்தேன்.
எடுத்துக் காட்டினேன்.
அவர் தலைப்பைப் படித்தார்,
மின்விசிறியைப் பார்த்தார்,
"மார்ச்சு வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

தன்யஸ்ரீ புதுக் கால்வனாமீட்டரை
இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினாள்,
அத்தனை கனத்தை எதிர்பார்த்தவள் போல.
தூக்கிய வேகத்தில் அது மேலே எழும்பியது.
"இவ்வளவுதானுங்களா?"
நானும் வாங்கிப் பார்த்தேன்.
இவ்வளவுதான்.

முதல் பக்கம் ஒரு வாரத்தில் நிரம்பிவிட்டது.
ஐந்து பல்பு, ஒரு உருகி,
வெப்பநிலைமானி ஒன்று
(தெரிந்துகொண்டது: பாதரசத்தைத் தொடக்கூடாது, மணல் வேண்டும்).

பழைய பதிவேட்டையும் நேற்று எடுத்தேன்.
ஆறு, நல்ல நிலை என்ற வரிக்குப் பக்கத்தில்
ஐந்து ஓடாது, ஒன்று காணோம் என்று
எழுதி வைத்திருக்கிறேன்.
பென்சிலால்தான்.
மார்ச்சுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.