எண்பத்து நான்கு கட்டங்கள்

தனிட்சாவின் திரையில் எண்பத்து நான்கு கட்டங்கள்.
நிரப்பியவள் நான்.
பசி, குளிர், கழிப்பறை, நன்றி,
அம்மா, வலி, போதும்.
வேதியியல் வகுப்புக்கென்று போன மாதம்
குடுவை, அமிலம், உப்பு, தராசு என்று
பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன்.
கண்ணால் தொட்டால் போதும், இமைக்காமல் அரை நொடி;
மத்ரித் பெண் ஒருத்தியின் குரல் பேசும்,
புன்தா அரேனாஸ் காற்றில் ஒருநாளும்
தலை கலையாத குரல்.

செவ்வாய்க்கிழமை. ஜன்னலுக்கு வெளியே
நீரிணை சாம்பலாய்க் குமுறிக்கொண்டிருந்தது.
ஒயார்சூன் வாத்தியார் ஐந்து சோதனைக்குழாய்களில்
வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினார்.
நான்கில் உப்புக் கரைசல்.
ஐந்தாவதில் வெறும் காய்ச்சி வடித்த நீர்.
நான்கும் பாலாய்த் திரண்டன.
ஐந்தாவதும், லேசாக,
மூச்சுப் பட்ட கண்ணாடி போல.
யாரும் கவனிக்கவில்லை,
விடையை முன்பே எழுதி முடித்திருந்தார்கள்.

"தண்ணீர்" என்றது திரை.
உறிஞ்சுகுழலை அவள் வாயருகே கொண்டுபோனேன்.
உதட்டை இறுக்கிக்கொண்டாள்.
"தண்ணீர். நோய்."
வாத்தியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.
யாரோ நர்ஸை அழைக்க ஓடினார்கள்.
"தண்ணீர். நோய். தண்ணீர். நோய்."
கழுத்து நரம்பு புடைத்தது அவளுக்கு;
மத்ரித் பெண் சற்றும் குரல் உயர்த்தவில்லை.

வீட்டுப்பாடமே எழுதாத யெர்கோதான்
திரையை விட்டு அவள் கண்ணைப் பார்த்தான்,
இரண்டு சொல்லுக்கு நடுவே
அது எங்கே போய்வருகிறதென்று.
"சார், இந்தத் தண்ணிக்குத்தான்
உடம்பு சரியில்ல."

குப்பி காலியானதும் காலையில்
குழாயில் பிடித்து வைத்ததை
வாத்தியார் ஒப்புக்கொண்டார், காது சிவக்க.

அன்றிரவு கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.
தப்பு என்று ஒரு கட்டம் இல்லை.
ஏன் இல்லை.
அவளுக்கு ஏதாவது வேண்டியிருக்கும் என்று
நினைத்திருக்கிறேன், எண்பத்து நான்கு முறை.
ஏதாவது தோன்றும் என்று
ஒரு முறைகூட இல்லை.

நன்றியை ஓரத்துக்குத் தள்ளினேன்.
ஏன், தப்பு, இருக்கலாம், மறுபடி.
சந்தேகம் என்பதற்கு ஒரு படம் தேடி
கடைசியில் அழும் முகம் ஒன்றை ஒட்டிவிட்டுத் தூங்கினேன்.

காலையில் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு,
"படம். தப்பு."
நான் காரணம் சொல்ல வாயெடுப்பதற்குள்
"மறுபடி."

மூன்றாவது முறையாக
வரைந்துகொண்டிருக்கிறேன்.