ஜே கே பி ஓ அரைப்புள்ளி

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுதென்று மூன்று மொழியிலும் ஒட்டியிருந்த தாளை
மர்சூக் வாசிக்கவில்லை.
படியேறி வந்து கேட்டார்:
"மிஸ், கடல் எந்தப் பக்கம்?"
காட்டினேன், கையால்.
பிறகுதான் வாயால்.

வங்கியொன்றில் தொலைபேசி இணைப்பவர்.
நான் செய்த தளத்தைச் சோதிக்க வந்திருக்கிறார்:
டொக்டரைச் சனல் பண்ணும் தளம்.
அதன் சாம்பல் நிறத்துக்காகப் போன வருடம்
எனக்கொரு கண்ணாடிக் கேடயம் தந்தார்கள்.
வெள்ளையின் மேல் பனிமூட்டம்போல எழுத்து.

அவருடைய போனின் திரை கறுப்பு.
"பேட்டரி மிச்சம்" என்றார்.
உள்ளேயிருந்து ஒரு குரல்,
கோட்டையில் ரயிலைத் தவறவிடப் போகிறவன்போல ஓடியது:
பொத்தான். பொத்தான். படம் நாற்பத்தேழு. பொத்தான். பொத்தான்.

"எல்லாத்துக்கும் ஒரே பேரா வெச்சீங்க?"

ஒன்று இதயம். ஒன்று நாட்காட்டி. ஒன்று குட்டி மாத்திரை.
வளைவு வளைவாய் வரைந்தவள்தான்.
பெயர் வைக்கத் தோன்றவில்லை.

தமிழ்ப் பக்கத்தைத் திறந்தார்.
ஆஸ்பத்திரி பழைய எழுத்துருவில் அனுப்பியதை
அப்படியே ஒட்டியிருந்தேன்.
கண்ணுக்குத் தமிழ்தான்; கொம்பும் சுழியும் சரி.
குரல் வாசித்தது:
ஜே கே பி ஓ அரைப்புள்ளி.
திரும்பவும்
ஜே கே பி ஓ அரைப்புள்ளி.
"இது என்ன மருந்து?"
"தமிழ்" என்றேன்.
சிரித்தார்.
நான் சிரிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தபோது சொன்னார்.
ஒரு ராத்திரி மகளுக்குக் காதுவலி.
கடைசிப் பக்கம்வரை வந்துவிட்டாராம்.
அங்கே, சிக்னல் லைட் உள்ள படங்களைத் தெரிவுசெய்க,
நீங்கள் மனிதர்தான் என்று உறுதிப்படுத்துக.
மூன்று நிமிடம்.
பிறகு எல்லாம் முதலிலிருந்து.
காலி வீதியைத் தினம் இரண்டு தரம்
சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கடக்கிற மனிதர்.
"நாலாந்தரம் புள்ளயே அமத்தினா.
ஒரு கையால காதப் பொத்திக்கிட்டு."

எதாவது பேச வேண்டும்போல் இருந்தது.
"முகப்பில் ஒரு படம் இருக்கு.
சிரிக்கும் தாதி, பின்னால் ஜன்னல் என்று எழுதவா?"
"சிரிக்கிறது இருக்கட்டும் மிஸ்.
டொக்டர் எத்தின மணிக்கு, காசு எவ்வளவு,
அத முதல்ல சொல்லுங்க."
கொஞ்சம் பொறுத்து,
"ஜன்னலால என்ன தெரியுது?"

இரண்டு வருடமாக அங்கேயே இருக்கும் படம்.
இப்போதுதான் பார்த்தேன்.
ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளை.
"அப்ப விடுங்க."

போகுமுன் கூலியைக் கேட்டு வாங்கினார்.
மணிக்கணக்கில். பேரம் இல்லை.

ஆறு மணிக்கு எல்லோரும் போன பிறகு
மவுஸைக் கழற்றி லாச்சியில் போட்டேன்.
திரையை அணைத்தேன்.
பாணந்துறை ரயில் போய் முடிந்ததும்
முதல் பொத்தானுக்கு எழுதினேன்:
இலக்கம் எடுக்க.
அழித்தேன்.
குழந்தை டொக்டர், இன்றிரவு, இலக்கம் எடுக்க.
தட்டிப் பார்த்தேன். சொன்னது.

அடுத்ததற்குப் போனேன்.
பொத்தான், என்றது.
இன்னும் இருபத்தாறு.