பதினாறு ஜிபி

வாங்கி ஒன்பது நாள்.
மூடியில் ஒட்டிய தாளை இன்னும் உரிக்கவில்லை.
மகளிர் குழுக் கடன், இருபத்திரண்டு தவணை.
முதல் தவணை கட்டுமுன்பே
நின்றுவிட்டது.

நின்றது என்றால், அணையவில்லை.
திரையில் பட்டா மாறுதல் படிவம்.
சர்வே எண் பெட்டிக்கு
ஒரு விரற்கடை முன்னால் அம்பு.
தேய்க்கிறேன், தட்டுகிறேன்,
விரலில் எச்சில் தொட்டும் பார்த்தேன்.
பெஞ்சில் நாலு பேர்
பெருமூச்சை ஆளுக்கொன்றாய் விட்டார்கள்.

சென்னையிலிருந்து பையன் பேசினான்.
மூன்று சாவியைச் சேர்த்து அமுக்கச் சொன்னான்.
பச்சைக் கோடு ஒன்று தாழ்வாக ஓடியது.
'நினைவகத்தில் இருபத்துமூன்று சதம்தான் மேடம் போயிருக்கு.
நிறைய இடம் இருக்கு. நிற்கக் கூடாது.'
நிற்கிறதே தம்பி.
'நிற்கக் கூடாது மேடம்.'

இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்து ஏற்றினேன்.
தமிழ் எழுத்துரு, பிரிண்டர், கைரேகைக் கருவி,
எல்லாம் முதலிலிருந்து.
மன்னார்குடிக் கடைக்காரர் சொன்னார்:
'இன்னொரு எட்டு ஜிபி போட்டுடலாம்க்கா.'
மேட்டூர் நிறைஞ்சா
திருத்துறைப்பூண்டிக்கு வந்துடுமா என்று கேட்டேன்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.
எனக்கும்தான்.

இரவில் வீட்டுக்கு எடுத்துப்போனால் ஓடுகிறது.
கட்டிலில், மடியில், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்.
காலையில் கடைக்கு வந்தால் நிற்கிறது,
பள்ளிக்கூட வாசலில் மட்டும்
வயிறு வலிக்கும் பிள்ளை மாதிரி.

பதினோராம் நாள்
ஆலத்தம்பாடிப் பக்கிரிசாமி,
மூன்றாவது தடவையாக வந்து உட்கார்ந்தவர்,
எட்டிப் பார்த்துச் சொன்னார்:
'நின்னுபோச்சுங்குறியே சபுராம்மா,
மூலையில மணி ஓடுதே.'

ஓடியது.
பத்து நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
கைதவறிச் சாவி ஒன்றை அமுக்கினேன்,
எழுத்து விழுந்தது.
அன்று சென்னைப் பையன் சொன்ன
மூன்று சாவிக்கும் இது பதில் சொல்லியிருந்ததே.
உறைந்தது இயந்திரம் இல்லை.
என் விரல் சொல்வது மட்டும்
அதற்குக் கேட்கவில்லை.

சார்ஜரைப் பிடுங்கினேன். அம்பு நகர்ந்தது.
செருகினேன். நின்றது.
பிடுங்கினேன். நகர்ந்தது.
பெஞ்சே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது.
உலோக விளிம்பில் மணிக்கட்டு பட்டபோது
எறும்பு ஊர்வது போல ஒன்று.
ஒன்பது நாளாக ஊர்ந்ததுதான்.
பிரஷர் என்று நினைத்து
உப்பைக் குறைத்திருந்தேன்.

வயர்மேன் வைரக்கண்ணு
டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு
கடைக்குப் பின்னால் போனார்.
சிமெண்ட் மூடியைப் புரட்டினார்.
எர்த்துக் குழி.
உள்ளே ஒரு செத்த ஓணான்,
கரி, வெடித்த களிமண்,
குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி.
'மண்ணு குழாயை விட்டுடுச்சு' என்றார்.
'கரண்டு எங்க போகும்? உங்க கையிலதான் நிக்கும்.'

ஆனி பிறந்து நான்கு நாள்.
கல்லணை திறந்தாயிற்று என்று செய்தியில் பார்த்தேன்.
முள்ளியாற்றில் இன்னும் ஆடு மேய்கிறது.

ஒரு படி கல்லுப்பு, மூன்று குடம் தண்ணீர்.
முதல் குடம் போன இடம் தெரியவில்லை.
இரண்டாவதற்குக் குழி கொப்பளித்தது.
மூன்றாவதைப் பக்கிரிசாமியே ஊற்றினார்,
நாற்றங்காலுக்கு விடுவது போலப் பதறாமல்.

உள்ளே போய்ச் செருகினேன்.
நகர்ந்தது.

புகாரை முடித்துவைக்கப் பையன் மறுநாள் கூப்பிட்டான்.
'என்ன பிரச்சினைன்னு போடட்டும் மேடம்?
மென்பொருளா, வன்பொருளா?'
குழி காய்ந்திருந்தது தம்பி.
'சாரி மேடம்?'
குழி.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'மற்றவைன்னு போட்டுக்கிறேன்.'

இரண்டு நாளைக்கு ஒரு குடம் ஊற்றுகிறேன்.
பக்கிரிசாமியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.
வேலை ஓடிய சந்தோஷத்தில்
அவர் அப்பா கோவிந்தசாமிக்கு
ஒரு காலை விட்டுவிட்டேன்.
கேவிந்தசாமி என்று போய்விட்டது தாலுகாவுக்கு.
அதற்கு எந்தக் குழியும் காரணமில்லை.