படிவம் ஏழு

விடிய இன்னும் அரைமணி.
பள்ளத்துக்குள் டார்ச் அடித்தபடி நடக்கிறாள் ஷோல்பான்.
ஆழம் இரண்டு மீட்டர், அகலம் அதைவிடக் குறைவு,
நீளம் மட்டும் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை.
கசாக் புல்வெளியைக் கிழித்துக்கொண்டு போய்
எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு வால்வில் முடிகிறதாம்.

இடப்பக்கம் மேல்மண் குவியல், வலப்பக்கம் அடிமண்.
கலக்கக் கூடாது.
அந்த ஒரு சாண் மேல்மண்ணில்தான்
துலிப் கிழங்கும் புல்விதையும் படுத்திருக்கின்றன;
கலந்தால் பத்து வருஷத்துக்கு உவர்ப்பூண்டுதான்
என்று அவள் சொன்னபோது
புல்டோசர் ஓட்டும் தோலேகென் கேட்டான்:
"ரெண்டு மண்ணுக்கும் என்ன, வாய்க்கா வரப்புச் சண்டையா?"
சிரித்துவிட்டாள்.
சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதவும் செய்தாள்.

இருநூறு மீட்டருக்கு ஒரு சரிவு,
விழுந்தது ஏறி வர.
அனுமதி ஆணை, பக்கம் முப்பத்தொன்று.
நேற்று மாலை இந்த நீளத்தில் மூன்று சரிவுகள் இருந்தன.
இப்போது ஒன்றுகூட இல்லை.
வாளியின் பல்தடம் சுவரில் இன்னும் ஈரமாக இருக்கிறது.
இன்று குழாய் இறக்கும் நாள்.
மேலே ஐந்து எந்திரங்கள், மணிக்கணக்கில் வாடகை,
இப்போதே உறுமிக்கொண்டு.

ஏப்ரல்.
இங்கே ஆமைக்கு வருஷம் என்பது மூன்றே மாதம்:
தின்று, கூடி, முட்டையிட்டு,
வெயில் ஏறுமுன் மண்ணுக்குள் போய்விட வேண்டும்.
ஆமையை மெதுவென்று சொன்னவன்
இந்த மாதத்தில் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான்.

விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான்
ஃபோர்மேன் லிகாய்.
பக்கத்தில் வெல்டிங் கம்பி வந்த மரப்பெட்டி.
உள்ளே பிறாண்டல் சத்தம்.

"பதினாறு. மூன்று மணியிலிருந்து பொறுக்கினேன்.
எல்லாம் உயிரோடு."
முழங்கையில் சிராய்ப்பு, நகக்கண்ணில் மண்.
"சரிவுகளை யார் வெட்டச் சொன்னது?"
"நான்தான்."
கொஞ்ச நேரம் எந்திரங்கள் மட்டும் பேசின.
"பூஜ்யம் என்று போடு. பள்ளத்தில் ஒன்றுமில்லையே.
பொய் இல்லை."

பொய் இல்லை, அதுதான் சங்கடம்.
'ஆய்வின்போது காணப்பட்ட உயிரினங்கள்' என்கிறது படிவம் ஏழு.
ஆய்வின்போது.
அதை எழுதியவரைவிடக் கவனமாகப் படித்திருக்கிறான்.
பதினாறு என்று எழுதினால் வேலை நிற்கும்,
இருபத்தெட்டுப் பேருக்கு மே மாத போனஸ் போகும்,
தோலேகென் மகளுக்குக் கல்யாணம் வேறு.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்
உருப்படாது என்போம் நாம்.
பாவம் லிகாய். அவன் பள்ளத்தில்
இரண்டும் ஒரே இரவில்.

பெட்டிக்குள் டார்ச் அடிக்கிறாள்.
ஒரு ஓட்டில் சிவப்பு நகப்பூச்சில் 9,
அவள் கையெழுத்து.
போன வாரம் மேற்கே அரை கிலோமீட்டர்
தூக்கிப்போய் விட்டது.
கிழக்கே இருக்கும் தன் வளைக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது,
ஒருவரிடமும் அனுமதி கேட்காமல்.

எழுதினாள்: 16.
குறிப்பு: உயிரோடு மீட்டவர், வ. லிகாய்.
அடுத்த வரி: சரிவுகளை அகற்றியவர், வ. லிகாய்.
பேனாவை நீட்டினாள்.

இரண்டு வரியையும் படித்தான்.
முதல் வரியை இன்னொரு முறை.
கெட்ட வார்த்தை ஒன்றைக் கொரிய மொழியில் சொல்லிவிட்டுக்
கையெழுத்துப் போட்டான்.

மேலே எந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன.
ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்குகிறார்கள்.
ஒன்பதுக்குக் கிழக்கு, தெரியும்.
"மற்றதெல்லாம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது?"
என்று கேட்கிறாள்.

லிகாய் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான்.
இருட்டாக இருந்தது,
அதைப் பார்க்கவில்லை என்கிறான்.