நாலு நொடி

சமாதானபுரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், மாடியில்
இருபது கண்ணாடிக் கூண்டு, இருபது ஹெட்போன்.
கூண்டு என்று நான்தான் சொல்கிறேன்,
ரசீதில் மொழி ஆய்வகம் என்று இருக்கும்.
எனக்கு ஜெர்மன் தெரியாது.
ஒயர் தெரியும். பஞ்சு தெரியும்.
மாதம் ஒருதரம் காதுப் பஞ்சு மாற்ற வேண்டும்,
தேங்காயெண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும்.

மே மாதத்திலிருந்து ஒரு கிழவருக்கு முழங்கால் வலி.
ஹெர் க்ரோத்தே என்று பெயர்.
ஒலிப்பதிவுக்குள் குடியிருக்கிறார்.
காலை பத்துக்கும் மதியம் மூன்றுக்கும் முனகுவார்.
ஒரு பீப்.
அப்புறம் நாலு நொடி யாரும் பேச மாட்டார்கள் உள்ளே.
அதற்குள் இருபது நர்சுகளும் சொல்லியாக வேண்டும்:
நான் பார்க்கிறேன், எங்கே வலிக்கிறது?
திரையில் மேலே டீச்சர் கோடு, கீழே பிள்ளை கோடு.
ஒன்றின்மேல் ஒன்று படிந்த அளவுக்கு
நூற்றுக்கு இத்தனை என்று விழும்.

எண்பதைத் தொட்டுவிட்டார்கள் எல்லாரும்.
பதினான்காம் கூண்டு ரிபாயா, மேலப்பாளையம்,
ஹைகிரவுண்டில் மூன்று வருஷம் எலும்பு வார்டு பார்த்தவள்,
ஐம்பத்தெட்டிலேயே நிற்கிறாள்.
அண்ணத்தில் உரசி வர வேண்டிய ஒரு சத்தம்
வழுக்கி ஷ ஆகிவிடுகிறதாம்.
அதுவும் 'நான்' என்ற சொல்லில்.
ழ சொல்கிற வாய்க்கு இது வராதா, என்றேன்.
வாளப்பளத்துக்கே வராது அண்ணாச்சி, என்றாள்.

ஆறு மணிக்குப் பதிவுகளை அழிப்பது என் வேலை.
அழிக்குமுன் ஓட்டிப் பார்க்கணும், மைக் கெட்டிருக்கிறதா என்று.
வியாழக்கிழமை, பதினான்கு.
கிழவர் முனகினார். பீப்.
'நேத்தும் இதத்தான சொன்னீரு பெரியவரே,
கால நீட்டும், எங்கன வலிக்கு, இங்கனயா'
மூச்சே விடவில்லை அவள்.
மெஷின் அதற்கும் மார்க் போட்டிருந்தது:
அறுபத்தொன்று.
அந்தக் கடைசி யாவைத்தான் பிடித்துக்கொண்டதோ என்னவோ.
யா என்றால் ஆமாம்.
அது எனக்கே தெரியும்.

இரண்டு தடவை கேட்டேன்.
அப்புறம் அழித்தேன்.

மறுநாள் மூன்று மணிப் பாடத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கொஞ்சம் கூவிவிட்டு அதுவும் போனது.
ஏசிக்காக ஜன்னலை எல்லாம் அடைத்த அறை, கும்மிருட்டு.
ஹெட்போன் போட்டவர்கள் கத்தித்தான் பேசுவார்கள்,
பீப்பும் இல்லை, கிழவரும் இல்லை,
ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்
ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி,
எங்கே வலிக்கிறது, எங்கே வலிக்கிறது,
அதில் எது எண்பது எது ஐம்பத்தெட்டு என்று
எனக்குத் தெரியவில்லை.
மெயின் சுவிட்சைத் தடவிப் போகையில்
ஏதோ ஒரு மேசை முனை
என் முட்டியில் நச்சென்று இடித்தது.

இங்கன, என்றேன்.