நடை கணக்கு

சர்க்கரை இருநூற்று எண்பது என்று
தாள் சொன்ன மறுநாள் தொடங்கியது.
நாற்பது நிமிஷம் என்றார் டாக்டர்.
கத்திவாக்கத்தில் ஆரம்பித்தால்
நாற்பது நிமிஷம் என்பது
முகத்துவாரம்.

தேசம்மாவுக்குச் சர்க்கரை இல்லை.
ஆனாலும் வருகிறாள், கட்டைப்பையோடு.
"நடக்கத்தானே போறோம், பை எதுக்கு?"
"பை இல்லாம எவன் நடப்பான்?"

ஐப்பசி இரண்டாம் வாரம். ராத்திரி பெய்திருக்கிறது.
டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்குகின்றன,
டிரைவர்களின் பாதங்கள் கண்ணாடியில் ஒட்டி.
முப்பத்தொரு வருடம் யார்டில் பெட்டி எண்ணியவன்,
வாய் தானாக எண்ணுகிறது:
நாற்பதடி ஆறு, இருபதடி மூன்று,
ஒன்றில் தாழ் சரியில்லை.

ரயில்வே சுவர்மேல் முடக்கத்தான் ஏறிவிட்டது,
காற்று ஊதிய பச்சைக் காய்களோடு.
தேசம்மா நிற்கிறாள்.
நான் நிற்கக் கூடாது, நின்றால் நடை கெடும்.
நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கிறேன்.
எதிர்க் கேட்டு வாட்ச்மேன் என்ன நினைத்தானோ,
ஒரு சல்யூட் வைத்தான்.
"கீழ இருக்கறத தொடாத, நாய் போற எடம்."
"எனக்குத் தெரியாதா?"
எக்கி எக்கி மேல்கொடியாகக் கிள்ளுகிறாள்.
செருப்பிலிருந்து குதிகால் எழும்புகிறது,
அதில் நேற்றைய மஞ்சள்.

ஆபீஸ் சுவரில் கப்பல் கம்பெனி காலண்டர் ஒன்று இருந்தது.
அக்டோபர் பக்கத்தில் சிவந்த மரங்கள்,
நீளக் கோட்டில் ஒரு ஆணும் பெண்ணும்,
கூடை நிறைய ஆப்பிள்.
டிசம்பர் வரை அந்தப் பக்கத்தை யாரும் திருப்ப விடவில்லை நான்.
இலை உதிர்வதை வைத்து அவர்கள் காலத்துக்குப் பெயர்.
எங்கள் தெருவில் உதிர்கிற ஒரே மரம் வாதாமரம்,
அதற்குத் தனிப் பஞ்சாங்கம்,
நினைத்தபோது சிவக்கும்.
இந்த மாதத்துக்குக் கூதிர் என்று பள்ளியில் படித்தேன்.
"கூதலா இருக்கு" என்று
தேசம்மா முந்தானையைத் தோளில் இழுக்கும்போது
பரீட்சையில் விட்ட ஒரு மதிப்பெண் ஞாபகம் வருகிறது.

ஆறு கலங்கி, சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம்.
அனல்மின் நிலையப் புகைபோக்கி
தலைகீழாகத் தண்ணீரில் நடுங்குகிறது.
அதன் நுனியில், இடுப்பளவில், நாகபூஷணம்.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறாள்.
கை மேலே வரும்போதெல்லாம் ஒன்று துள்ளுகிறது.
கரையிலிருந்து தேசம்மா: "கிலோ எவ்ளோ?"
விரல்கள் காட்டுகின்றன: மூன்று, அப்புறம் ஐந்து.
"முந்நூத்தம்பதா! புரட்டாசியில நூத்தெழுபது!"
ஒரு புருவம் உயர்கிறது.
புரட்டாசி போய்விட்டது என்பதை
ஒரு புருவத்தால் சொல்ல முடியும்.
வாயே திறக்காதவளிடம் பேரம் பேசி
என் மனைவி தோற்றதை
இன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது பைக்குள் கீரை அசைகிறது,
அடியில் இன்னும் சாகாத இறால்.
ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது.
டாக்டர் கேட்டால் நாற்பது என்பேன்.

ஸ்டேஷன் படியில்
கும்மிடிப்பூண்டி யூனிட்டில் வந்திறங்கிய சீத்தாப்பழக் கூடை.
கண் விரிந்த பழங்கள்,
தொட்டால் விரல் பதியும்.
தேசம்மா ஒன்றே ஒன்று வாங்கினாள்.
"உனக்கில்ல" என்றாள்.
தெரியும் என்றேன்.

புட்டுப் புட்டுத் தின்றபடி நடக்கிறாள்,
விதைகளைச் சாக்கடைப் பக்கம் துப்பிக்கொண்டு.
பதினெட்டு, பத்தொன்பது.
தூறல் பிடிக்கிறது, இருவரும் வேகம் கூட்டவில்லை.
முப்பத்தைந்து. முப்பத்தாறு.
அடுத்ததைத் துப்பாமல்
சுற்றியிருந்த வெள்ளைச் சதையோடு
என் உள்ளங்கையில் வைத்தாள்,
ரோட்டைப் பார்த்தபடியே.

அந்த ஒன்றை
நான் எண்ணவில்லை.