பின்பக்கம்

மத்திய வீதிக் கடையில்
சட்டை கைக்கு வந்ததும்
உட்புறம் வெளியே வரத் திருப்பினேன்.
நஸ்மியா முகம் சுளித்தாள்:
"பூ இந்தப் பக்கம் அக்கா."

தெரியும்.
பூ எல்லாச் சட்டையிலும் அந்தப் பக்கம்தான்.
ஓர் இதழிலிருந்து அடுத்த இதழுக்கு
நூல் வெட்டுப்படாமல் நீளத் தாவியிருந்தால்
முதல் நாளே வளையலில் மாட்டும்,
மாட்டிய இடத்திலிருந்து
தோட்டம் முழுக்கக் கழன்று வரும்.
அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

ஏழாவது சட்டை கத்தரிப்பூ நிறம்.
கழுத்தில் பச்சைக் கொடி, நடுவில் ஒரு சிவப்புப் பூ,
கைநுனிகளில் வெள்ளை மொட்டுகள்.
உள்ளே முடிச்சுகள் குருணை அளவு.
கைக்குட்டை நுனியை ஈரமாக்கிச்
சிவப்பு நூலில் அழுத்தி எடுத்தேன்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"கலியாணமோ?"
"பதிவு."
"மகளுக்கா?"
"எனக்கு."

அவள் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
பிறகு கேட்காமலே
இருநூறு ரூபாய் குறைத்தாள்.

சப்பாத்துக்குப் பின்னேரம் போனேன்,
துறைமுகக் கந்தோரில் நாள் முழுக்க நின்று
கால் வீங்கிய பிறகு.
காலையில் வாங்குகிறவர்கள்
காலையில் மட்டும்தான் நடக்கிறார்கள்.
கறுப்பு வெல்வெட், முன்மூக்கில் ஆளுக்கொரு மயில்.
பாதங்களைச் சேர்த்து வைத்தால்
இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்.
நடந்தால்
ஒன்று முந்தும், மற்றது கோபித்துக்கொண்டு முந்தும்.

இந்த ஊரின் உப்புக்காற்று
ஜன்னல் கம்பியையே தின்னும்.
மயிலின் சரிகைக் கொண்டையை விட்டுவைக்குமா?
பழைய பருத்தித் துணியில் சுற்றினேன்.
உள்ளே வெள்ளைத் தாள் திணித்தேன்,
பத்திரிகை அல்ல. மை ஒட்டும்;
யாருடையதோ மரண அறிவித்தல்
என் பெருவிரலில் அச்சாக வேண்டாம்.

சட்டையின் கடைக்கஞ்சி போக
பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசினேன்.
பிழியவில்லை. துவாயில் சுருட்டி ஒற்றி,
பூ உள்ளே இருக்கத் திருப்பி,
டைக் வீதி வீட்டுப் பின்வளவில்
கொய்யா நிழலில் போட்டேன்.
எல்லாம் சரியாகச் செய்தேன்.

மான் வந்தது.

கோட்டைப் பக்கமிருந்து இறங்கி
குப்பையில் லஞ்ச்சீட் மெல்லும் புள்ளிமான்.
காற்றில் கைநுனி மடிந்து
மொட்டு வெளியே தெரிந்திருக்க வேண்டும்.
நான் கத்திக்கொண்டு ஓடியபோது
அது நிதானமாக என்னைப் பார்த்தது,
வாயோரம் ஒரு வெள்ளை நூல்.

மூன்று மொட்டு, இடது கை.
பச்சைக் கொடியைத் தொடவே இல்லை;
உண்மை இலையென்றால் தின்றிருக்கும்.
உள்ளே திருப்பினேன்:
முடிச்சு மூன்றும் இருந்தன,
பூ இல்லாமல், தங்கள் வேலையில்.

துரைசிங்கம் மூதூரிலிருந்து எடுத்தபோது
அழுகையும் சிரிப்பும் கலந்து சொன்னேன்.
"மானுக்கே பிடிச்சிருக்கு.
பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"
அந்த மனுசன் ஐம்பத்தொரு வயதிலும்
இப்படித்தான் கதைக்கும்.

வீட்டிலிருந்த வெள்ளை நூல்
கொஞ்சம் பால்மஞ்சள்.
ஒரு மொட்டைத் தைத்துவிட்டுத்
தூரப் பிடித்துப் பார்த்தேன்.
பழையவற்றோடு சேரவில்லை.
மற்ற இரண்டையும் அதே நூலில் தைத்தேன்.

பதிவு நாளன்று மழை.
வாசலிலிருந்து ஓட்டோ வரை கணுக்கால் தண்ணீர்.
சப்பாத்தைச் சொப்பின் பையில் முடிந்து
கக்கத்தில் வைத்து வெறுங்காலோடு போனேன்.
பதிவாளர் கந்தோர் வாங்கில் இருந்து
கால் துடைத்து, விரலிடுக்குத் துடைத்து,
மயில்களை மாட்டியபோது
துரைசிங்கம் குடையை மடிக்க மறந்து
நனைந்துகொண்டு நின்றது.

கையொப்பமிடத் தந்த பேனா
மை கசிகிற பேனா.
முதலில் சட்டைக்கையை
மூன்று மடிப்பு மேலே ஏற்றினேன்.
பிறகு பெயரை எழுதினேன்.